‘அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்’ என்று சொல்ல முடியாத வீட்டில்

இரவு ஒன்பதரை மணி இருக்கும். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை ராத்திரி நண்பன் வீட்டில் தங்கிக்கொள்ளட்டுமா என்று மகன் வந்து கேட்டான். அவன் கேட்டு முடிப்பதற்குள் “வேண்டாம்” என்று சொல்லிவிட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றபடி, “நீ யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்லைல்லம்மா, அதான் டக்குன்னு சொல்லிட்ட” என்றான்.

அவனுக்கு 14 வயது. குத்திக்காட்டச் சொன்னதாகத் தெரியவில்லை. கணக்கில் விடை கண்டுபிடித்தவன் மாதிரிச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். நான்தான் ஜோடி கிடைக்காத ஒரு காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் வளர்ந்த வீட்டில் எதைக் கேட்டாலும் அம்மாவிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: “அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்.” அது அப்பாவின் அதிகாரத்துக்குப் பயந்த பேச்சு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பாதி அப்படித்தான். மீதிப் பாதி இப்போதுதான் புரிகிறது. அம்மா அவகாசம் வாங்கிக்கொண்டிருந்தாள். பல தடவை அப்பாவிடம் கேட்டிருக்கவே மாட்டாள் என்பது என் சந்தேகம். ஆனால் என் கேள்விக்கும் அவள் பதிலுக்கும் நடுவில் ஒரு ராத்திரி கடந்துவிடும். அதற்குள் அவள் களைப்பு தீர்ந்திருக்கும், என் முரண்டும் கொஞ்சம் அடங்கியிருக்கும். காலையில் வரும் பதில், அது மறுப்பாகவே இருந்தாலும், யோசித்த பதிலாக இருக்கும்.

என் வீட்டில் அந்த ராத்திரி கிடையாது. விவாகரத்தாகி ஆறு வருடம். பெண்ணுக்கு 17, பையனுக்கு 14. கேட்பவர்கள் இரண்டு பேர், சொல்பவள் ஒருத்தி.

தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்ணைப் பாராட்டுவதற்கென்று ஒரு வாசகம் வைத்திருக்கிறார்கள்: “அம்மாவுக்கு அம்மாவா, அப்பாவுக்கு அப்பாவா இருந்து வளக்குறா.” நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். நானும் அதை நம்பி ஒரு வருடம் அப்பா வேஷம் கட்டிப் பார்த்தேன். குரலைத் தாழ்த்தி, முகத்தை இறுக்கி, “இனிமே இதப் பத்திப் பேச்சே வேண்டாம்” என்பேன். பத்து நிமிடம் கழித்து அம்மாவாக மாறிப் போய்த் தலையைக் கோதுவேன். பிள்ளைகளுக்குப் பயம் வரவில்லை. குழப்பம்தான் வந்தது. இப்போது பேசுவது எந்த அம்மா என்று பார்த்துப் பார்த்துப் பதில் சொல்லப் பழகிக்கொண்டார்கள். மகள் ஒருநாள் கேட்டேவிட்டாள்: “இப்ப நீ ஸ்ட்ரிக்ட்டா இருக்கியாம்மா, இல்ல நார்மலா?”

பிள்ளை வளர்ப்பு பற்றி எதைப் படிக்கப் போனாலும் முதலில் கண்ணில் படும் பெயர் டயானா பாம்ரிண்ட். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1960-களில் பெற்றோர்களைக் கவனித்து மூன்று வகையாகப் பிரித்தார். சொன்னதைச் செய், காரணம் கேட்காதே என்பவர்கள் ஒரு வகை. எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுக்கொடுப்பவர்கள் இன்னொரு வகை. விதியும் வைத்து, விதிக்குக் காரணமும் சொல்லி, பிள்ளை பேசுவதையும் காதில் வாங்குபவர்கள் மூன்றாவது. 1983-ல் எலினோர் மக்கோபியும் ஜான் மார்ட்டினும் இதை எதிர்பார்ப்பு, அரவணைப்பு என்ற இரண்டு அளவுகளாக மாற்றி, இரண்டுமே இல்லாத நான்காவது வகையைச் சேர்த்தார்கள். கண்டுகொள்ளாத பெற்றோர். மூன்றாவது வகைதான் நல்லது என்று அதன்பின் வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சொல்கின்றன. நானும் மறுக்கவில்லை.

என் சங்கடம் வேறு. நான் இதில் எந்த வகை? காலை ஏழு மணிக்கு முதல் வகை: எழுந்திரு, குளி, கிளம்பு, ஏன் எதற்கென்று கேட்காதே. மாலையில் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது மூன்றாவது வகை, பாடப்புத்தகத்தில் படம் போட்டு வைக்கலாம். ஒன்பது மணிக்கு இரண்டாவது வகை, என்னமோ செய்துகொள்ளுங்கள். சில நாள் பத்தரைக்கு நான்காவது வகைகூட. அறையில் விளக்கு எரிவது தெரிந்தும் எழுந்து போக உடம்பில் தெம்பு இருக்காது. இன்னொரு விஷயம், பாம்ரிண்ட் முதலில் கவனித்தது மழலையர் பள்ளிப் பிள்ளைகளை. மூன்று நான்கு வயதுப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாக்குவாதத்தை முடித்துவிடலாம். என் பையன் என்னைவிட அரைச் சாண் உயரம்.

இரண்டு பேர் இருக்கும் வீட்டிலும் இதெல்லாம் நடக்கும். ஆனால் அங்கே ஒருவர் பொறுமை தீரும்போது மற்றவர் உள்ளே வரலாம். “நீ போய்ப் படு, நான் பாத்துக்கறேன்.” இந்த ஒரு வாக்கியத்தை ஆறு வருடமாக நான் கேட்கவில்லை. தனியாக இருப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்களிடம் பணம், பாதுகாப்பு என்று ஏதேதோ சொல்லிவைப்பேன். உண்மையில் இதுதான்.

அந்தப் பத்தரை மணியை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டுச் சண்டைகள் பாதிக்கு மேல் அங்கேதான் பிறந்தன. பத்தரைக்குப் பிறகு செல்போன் கூடத்து மேசைக்கு வந்துவிட வேண்டும் என்பது விதி. பத்தரைக்கு “போனை வை” என்பேன். “ரெண்டு நிமிஷம்.” பத்து நாற்பதுக்கு மறுபடி. “ஒரு மெசேஜ்தாம்மா.” பத்து ஐம்பதுக்கு என் குரல் ஏறும். அவன் குரலும் ஏறும். “எப்பப் பாரு இதே பேச்சுதான்” என்று கதவு சாத்தப்படும். அப்போது எனக்குத் தலை வலிக்க ஆரம்பித்திருக்கும், காலையில் சீக்கிரம் எழுந்தாக வேண்டும். “என்னமோ பண்ணித் தொலை” என்று படுத்துவிடுவேன். வீடு உடனே அமைதியாகிவிடும்.

ஓரிகானில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் இந்தக் காட்சியையே பல வருடம் வீடுவீடாகப் பதிவு செய்திருக்கிறார். அவர் சொல்வது எளிமையானதுதான். பிள்ளை குரலை உயர்த்துகிறான், தாய் விட்டுக்கொடுக்கிறாள், சண்டை நிற்கிறது. சண்டை நின்ற நிம்மதி இரண்டு பேருக்குமே பரிசு. குரலை உயர்த்தினால் வேலை நடக்கும் என்று அவன் கற்றுக்கொள்கிறான். விட்டுக்கொடுத்தால் தலைவலி நிற்கும் என்று அவள் கற்றுக்கொள்கிறாள். அடுத்த நாள் இருவரும் இன்னும் கொஞ்சம் மேலே இருந்து ஆரம்பிக்கிறார்கள். வர்ஜீனியாவில் விவாகரத்தான குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த மேவிஸ் ஹெதரிங்டன், பிரிவுக்குப் பிந்தைய முதல் ஓரிரு வருடங்களில் இந்தச் சுழல், குறிப்பாகத் தாய்க்கும் மகனுக்கும் நடுவில், கடுமையாக இருப்பதையும் பிறகு பல வீடுகளில் அது தணிவதையும் கண்டார். இதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. நான் கெட்ட தாய் என்று ஒரு வருடம் நம்பியிருந்தேன். நான் ஒரு களைத்த தாய், அவ்வளவே.

சுழலை உடைத்தது கண்டிப்பு இல்லை. நேரத்தை மாற்றினேன். பத்தரை என்பது நான் தோற்கும் நேரம். ஒன்பதரை என்றால் எனக்கு இன்னும் தெம்பு இருக்கும். பையனோடு உட்கார்ந்து பேரம் பேசி, வார நாளில் ஒன்பதரை, விடுமுறை நாளில் அவன் இஷ்டம் என்று முடிவானது. முதல் வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தான். என் போனும் அதே மேசைக்கு வர வேண்டும் என்று அவன் ஒரு நிபந்தனை போட்டான். அதற்கு நான் முறைத்தேன். அப்புறம் சரியாகிவிட்டது, முக்கால்வாசி நாள்.

போன் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை அவன் குளிக்கப் போயிருந்தபோது அவன் போனைத் திறந்து பார்த்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. ஒன்றும் இல்லை, நண்பர்களின் கிண்டல், ஒரு பரீட்சையைப் பற்றிய புலம்பல். ஆனால் திறந்தது அவனுக்குத் தெரிந்துபோனது. அடுத்த ஒன்றரை மாதம் பள்ளியைப் பற்றி என்ன கேட்டாலும் “நல்லா இருக்கு.” ஸ்வீடனில் ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த விஷயத்தில் பலருடைய கண்ணைத் திறந்தது. வளரும் பிள்ளைகளைக் கண்காணிக்கும் பெற்றோரின் பிள்ளைகள் வம்பில் மாட்டுவது குறைவு என்று அதுவரை சொல்லிவந்தார்கள். இவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: பெற்றோருக்குத் தெரிந்திருக்கிறது சரி, எப்படித் தெரிந்தது? பெரும்பகுதி பிள்ளைகளே வந்து சொன்னதால். துருவிக் கேட்டதாலோ கட்டுப்படுத்தியதாலோ தெரிந்தது கொஞ்சம்தான். அப்படியென்றால் என் வேலை வேவு பார்ப்பது இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றும் ஆளாக இருப்பது. அது எவ்வளவு மெதுவான வேலை என்பதை அந்த ஒன்றரை மாதத்தில் தெரிந்துகொண்டேன்.

அதிலும் ஒரு விளையாட்டு உண்டு. இந்த வயதுப் பிள்ளைகள் மனம் திறப்பது இரவு பதினொரு மணிக்கு. பருவம் அடையும்போது உறக்கத்துக்கான மெலடோனின் சுரப்பதே தள்ளிப்போகிறது என்பதால் அவர்களுக்கு அப்போதுதான் மூளை பளிச்சென்று இருக்கிறது. எனக்கு அப்போது கண் சொருகும். என் மகள் முக்கியமான எதையும் மாலை ஆறு மணிக்குச் சொன்னதே இல்லை. விளக்கை அணைத்த பிறகு கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, “தூங்கிட்டியா?” என்பாள். தூங்கிவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை.

மகள் விஷயம் வேறு மாதிரி. மகனோடு எனக்குச் சண்டை. மகளோடு சண்டையே இல்லாததுதான் சிக்கல் என்று தெரிய எனக்கு நான்கு வருடம் ஆனது.

பிரிந்த புதிதில் எல்லாவற்றையும் அவளிடம்தான் சொன்னேன். அலுவலகத்தில் யார் என்ன சொன்னார்கள், அவள் அப்பா அனுப்ப வேண்டிய பணம் ஏன் வரவில்லை, எந்தக் கடனை முதலில் அடைப்பது. அவளுக்கு அப்போது 12 வயதுகூட ஆகவில்லை. பொறுமையாகக் கேட்பாள். “வயசுக்கு மீறின பொறுப்பு” என்று பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள், நானும் பூரித்துப்போனேன். போன வருடம் பள்ளியிலிருந்து ஒரு சுற்றுலா. எனக்குத் தெரியவே தெரியாது. அவள் பையில் எதையோ தேடும்போது, கையெழுத்து வாங்காத அனுமதிப் படிவம் நான்காக மடித்தபடி கிடைத்தது, கடைசித் தேதி முடிந்து மூன்று வாரம். கேட்டேன். “இந்த மாசம் இன்ஷூரன்ஸ் கட்டணும்ல, அதான் காட்டலம்மா” என்றாள். அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள். அடுப்பை அணைத்தாயா என்று கேட்டால் அணைத்தேன் என்பாளே, அதே குரல்.

ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் 1979-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒற்றைப் பெற்றோர் வீட்டில் பெரியவர், சிறியவர் என்ற அடுக்கு தளர்ந்து, பிள்ளைகள் இளைய பங்குதாரர்கள் மாதிரி ஆகிவிடுகிறார்கள், கொஞ்சம் வேகமாக வளர்ந்துவிடுகிறார்கள் என்றார். அதில் நல்லதும் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. நானும் மறைக்க மாட்டேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டு வேலை அத்தனையும் செய்வார்கள், மற்றவர் களைப்பு அவர்களுக்குத் தெரியும். ஆனால் துணி துவைக்கக் கற்றுக்கொள்வது ஒன்று, அம்மாவின் மன பாரத்தைச் சுமப்பது வேறு. எவ்வளவு வேலை செய்கிறாள் என்று பார்த்தேனே தவிர, என்ன கேட்காமல் விடுகிறாள் என்று பார்க்கவில்லை.

இப்போது ஒரு கோடு போட்டிருக்கிறேன். வீட்டில் பணம் எவ்வளவு இருக்கிறது, எதற்குச் செலவாகும் என்பதை இரண்டு பேரிடமும் சொல்வேன். மறைத்தால் கற்பனை செய்துகொள்வார்கள், கற்பனை நிஜத்தைவிடப் பயங்கரமாக இருக்கும். ஆனால் அதைப் பற்றிய என் பயத்தைச் சொல்ல மாட்டேன். அவர்கள் அப்பாவைப் பற்றிய என் வருத்தத்தையும் சொல்ல மாட்டேன். அது என் அக்காவுக்கு. மகளுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. “இப்பல்லாம் எங்கிட்ட எதுவுமே சொல்றதில்ல” என்று கோபித்துக்கொண்டாள். பதவி இறக்கம் யாருக்குத்தான் பிடிக்கும்? சில மாதம் கழித்து முதன்முறையாகத் தனக்காக ஒன்று கேட்டு அடம்பிடித்தாள், ஒரு ஜோடி ஷூ. அவள் அடம்பிடித்து நான் பார்த்ததே இல்லை. நாங்கள் அரை மணி நேரம் சண்டை போட்டோம். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

பணத்தைச் சொன்னதால் ஒரு வார்த்தை. தாய் தனியாக வளர்த்த பிள்ளை படிப்பில் பின்தங்கினால் ‘ஆண் துணை இல்லாத வீடு’ என்று காரணம் சொல்ல ஆள் தயாராக இருக்கும். அமெரிக்காவில் சாரா மக்லானஹனும் கேரி சாண்டஃபரும் 1994-ல் வெளியிட்ட கணக்கில், அந்தப் பின்தங்கலில் ஏறக்குறைய பாதி வருமானக் குறைவால் வருவது. வளர்க்கும் பாணியை ஆராயும் முன் சம்பளச் சீட்டைப் பார்க்கலாம்.

அக்காவைச் சொன்னேன். ஸ்டான்ஃபோர்டில் சான்ஃபர்ட் டார்ன்புஷ் குழுவினர் 1985-ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு அவளை வேறு கண்ணோடு பார்க்கக் கற்றுக்கொடுத்தது. தாய் மட்டும் இருக்கும் வீடுகளில் வளரிளம் பிள்ளைகள் தங்கள் இஷ்டத்துக்கு முடிவெடுப்பதும் வம்பில் மாட்டுவதும் அதிகமாக இருந்தது. ஆனால் அதே வீட்டில் இன்னொரு பெரியவர் இருந்தால் அது குறைந்தது. அந்தப் பெரியவர் அப்பாவாக இருக்க வேண்டியதில்லை, பாட்டியோ வேறு யாரோ போதும். இதைப் படித்த அன்று என் அப்பா வேஷத்தைக் கழற்றி வைத்தேன். இந்த வீட்டில் இல்லாதது ஆண் குரல் இல்லை. இரண்டாவது ஆள். அது பெண் குரலாக, போனில் வரும் குரலாக இருந்தாலும் எங்களுக்குப் போதும் போலிருந்தது.

என் அக்கா வேறு ஊரில் இருக்கிறாள். வீட்டுக்கு வந்து தங்க முடியாது. ஆனால் அவளிடம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். பிள்ளைகள் பெரிதாக எதைக் கேட்டாலும் நான் அன்றைக்குப் பதில் சொல்வதில்லை. “நாளைக்குச் சொல்றேன்” என்பேன். ராத்திரி அவளிடம் பேசுவேன். அவள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை, பாதி நேரம் கேட்பதும் இல்லை. அவள் என்னைவிடக் கறார். ஆனால் அவளிடம் சொல்லும்போதே என் காதில் என் காரணம் விழும். “ஏன் வேண்டாம்ங்கற?” என்பாள். “அது… எனக்குப் பயமா இருக்கு.” “அவனுக்கு என்ன ஆகும்னு பயமா, இல்ல ராத்திரி வீட்ல நீ தனியா இருக்கணும்னு பயமா?” அக்காக்கள் இப்படித்தான் கேட்பார்கள்.

இதில் ஒரு தள்ளுபடியும் உண்டு. எல்லாமே நாளைக்குப் போக வேண்டியதில்லை. தலைமுடியை எப்படி வெட்டுவது, அறைச் சுவரில் என்ன ஒட்டுவது, எந்த நண்பன் பேசுவது போரடிக்கிறது, இதெல்லாம் அவர்கள் விஷயம். வளரிளம் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நடக்கும் சண்டைகளைப் பல வருடம் ஆராய்ந்த ஜூடித் ஸ்மெட்டானா சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான்: பெற்றோர் ஒழுங்கு என்று நினைப்பதைப் பிள்ளைகள் என் சொந்த விஷயம் என்று நினைக்கிறார்கள். மகன் முடியை ஒரு பக்கம் மட்டும் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. முகம் சொல்லியிருக்கும். அது என் கையில் இல்லை.

தனியாக வளர்க்கும் தாய்கள் எல்லாரும் ஒன்று என்று எழுதுகிற கட்டுரைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும், அதனால் நானும் அந்தத் தப்பைச் செய்ய விரும்பவில்லை. கணவனை இழந்தவளின் வீட்டில் அப்பா சுவரில் படமாக இருக்கிறார், படத்தோடு யாரும் சண்டை போட முடியாது. திருமணமே வேண்டாம் என்று முடிவெடுத்துப் பிள்ளை பெற்றவள் வீட்டில் யாரும் விட்டுப் போகவில்லை. என் வீட்டில் அப்பா மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை. அங்கே விதிகள் கிடையாது. “நான் அப்பாகூடவே போயிருக்கலாம்” என்று பையன் ஒருமுறை சொன்னான். அன்றைக்கு எந்த ஆய்வும் நினைவுக்கு வரவில்லை. “போகணும்னா பேசலாம், இன்னைக்கு வேண்டாம்” என்றேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே நின்றேன். மறுநாள் அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் எடுத்தேன். எடுக்காமல் விட்டால் அது சொல்லக்கூடாத வார்த்தையாகிவிடும் என்று பயமாக இருந்தது. அப்பா வீட்டில் என்ன பிடிக்கிறது என்று கேட்டேன். “அங்க யாரும் டயர்டா இருக்க மாட்டாங்க” என்றான்.

அந்தப் பதிலோடு நான் இன்னும் முடிக்கவில்லை.

போன வாரம் மறுபடி வந்தான். இந்த முறை இரண்டு ராத்திரி, நான்கு நண்பர்கள், ஒருவனுடைய மாமா கூட வருகிறாராம். துணி மடிப்பதை நிறுத்திவிட்டு முழுதாகக் கேட்டேன்.

“நாளைக்குச் சொல்றேன்.”

“பெரியம்மாகிட்ட பேசப்போற, அதானே?”

“ஆமா.”

கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கூடத்து மேசையிலிருந்த என் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கண்ணாடி வழியாகச் சத்தம் நன்றாகவே கேட்டது. “பெரியம்மா, நான்தான். அம்மா உங்ககிட்ட ஒண்ணு கேப்பாங்க. அதுக்கு முன்னாடி நான் சொல்றதக் கேளுங்க…”